இராஜாக்கமங்கலத்தில் குளிக்க இறங்கும் முன்

கூட்டமில்லாத கடற்கரை ஆபத்தில்லாதது என்ற நினைப்போடுதான் பலரும் கன்னியாகுமரி மாவட்டத்து இராஜாக்கமங்கலம் பக்கம் வருகிறார்கள். நீச்சல் சொல்லிக்கொடுக்கிற நாங்கள் முதலில் கலைக்க வேண்டியது இந்த நினைப்பைத்தான். கரையில் ஆளில்லை என்பதால் கடல் அடங்கிவிடாது. கூப்பிட்டால் ஓடிவர ஒருவரும் இல்லை என்பதுதான் அதற்குப் பொருள். 2024 மே 6 அன்று, அருகிலுள்ள கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். அன்று இந்தக் கரையில் புயல் எதுவும் இல்லை. ஆனால் ஹைதராபாத்திலுள்ள இன்கோயிஸ் என்ற கடல் தகவல் மையம் கள்ளக்கடல் எச்சரிக்கையை முன்பே விடுத்திருந்தது.

கள்ளக்கடல் அலை நம் கரையில் பிறப்பதில்லை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் பலத்த காற்று கிளப்பிவிடும் அலை, பல நாள் பயணம் செய்து இங்கே வந்து சேர்கிறது; சித்திரை, வைகாசியில் இது அதிகம். உள்ளூர்க் காற்றில் எழும் அலை சில நொடிகளுக்கு ஒன்றாக வரும். இதுவோ பதினைந்து, இருபது நொடிகளுக்கு ஒன்று. ஆழத்தில் அதன் உயரமே கண்ணுக்குத் தெரியாது, கரையை நெருங்கும்போதுதான் எழும்பும். பெரிய அலைகள் சில சேர்ந்தாற்போல் வந்துபோன பின் கடல் சாந்தமாகக் கிடக்கும். அந்த இடைவெளியை நம்பித்தான் ஜனங்கள் இறங்குகிறார்கள். இறங்கும் முன் இருபது நிமிடமாவது நின்று பாருங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கு என்ன பயம் என்று கேட்பார்கள். குளத்திலும் கால்வாயிலும் பழகிய நாஞ்சில் நாட்டுக்காரர் கேட்கக்கூடிய கேள்விதான். கரையில் ஏறிய தண்ணீர் ஓரிடத்தில் ஒடுங்கிக் கடலுக்குத் திரும்பும்போது, அந்த இழுவை சில வேளை நொடிக்கு இரண்டு மீட்டரையும் தாண்டும். ஒலிம்பிக் வீரரின் வேகமே ஏறக்குறைய அவ்வளவுதான். எதிர்த்து நீந்துகிறவர் களைத்துப்போய்த்தான் மூழ்குகிறார். கரைக்கு இணையாக நீந்தி விலக வேண்டும். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்தபடி கையசைக்க வேண்டும். அலை உடையாமல் கறுத்துத் தெரியும் பட்டைதான் பெரும்பாலும் அந்த இழுவை. புதிதாக வருகிறவருக்கு அதுவே சாதுவான இடமாகத் தோன்றும் என்பதுதான் கொடுமை. பொழிமுகங்களிலும் தூண்டில் வளைவு எனப்படும் கல் தடுப்புகளின் ஓரத்திலும் இன்னும் எச்சரிக்கை வேண்டும். மீனவப் பிள்ளைகள் குதிக்கவில்லையா என்றால், அவர்களுக்குத் தங்கள் துறையின் மணல் எந்த மாதம் எங்கே சரியும் என்று தெரியும். வள்ளங்களைக் கரைமேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்றால் விருந்தாளிக்கு அதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டியதில்லை.

பலகையில் நின்று துடுப்புப் போட வருகிறவர்கள் காற்றையும் கவனிக்க வேண்டும். விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் மெல்லிய காற்று, நிற்பவர் அறியாமலே பலகையை வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். உயிர்காப்புச் சட்டையும் பலகையைக் காலோடு பிணைக்கும் கயிறும் இல்லாமல் இறங்கவே கூடாது.

பேசாமல் தடை போட்டுவிடலாமே என்பவர்களும் உண்டு. ஆனி, ஆடியிலும் எச்சரிக்கை நாட்களிலும் தடை வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் ஆண்டு முழுக்க நிற்கும் தடைப் பலகையை யாரும் படிப்பதில்லை. அன்றைய அலையின் உயரத்தையும் இடைவெளியையும் எழுதி வைக்கும் பலகையைப் படிப்பார்கள். மார்கழி முதல் மாசி வரை கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். அப்போதும் துறையில் விசாரித்து, முன்னறிவிப்பைப் பார்த்து, கயிறும் மிதவையுமாகக் கரையில் ஒருவரை நிறுத்திவிட்டு, இடுப்பளவு நீரில் தொடங்கலாம்.