வேகம் போதும், வண்டி வேண்டும்

ஆயிரம் சி.சி. பைக்குகளின் தலைநகரான பெங்களூரில், பெரிய வண்டிகளை விற்றுவிட்டுப் பழைய நூறு சி.சி. டூ-ஸ்ட்ரோக்கைத் தேடி அலைகிறவர்களும் இருக்கிறார்கள். இதற்கு நகரமும் ஒரு காரணம்.

ஞாயிற்றுக்கிழமை. இன்னும் விடியவில்லை. ஹெப்பால் மேம்பாலத்தைத் தாண்டி விமான நிலையத்தை நோக்கி நீளும் பல்லாரி சாலையில் முதலில் சத்தம் வருகிறது, பிறகு வெளிச்சம். நான்கு சிலிண்டர் பைக்குகள் கூட்டம் கூட்டமாகப் பாய்ந்து மறைகின்றன. இலக்கு, 60 கி.மீ. தூரத்தில் 1,478 மீட்டர் உயரத்தில் நிற்கும் நந்தி மலை. தோலாடை, கையுறை, முழங்கால் கவசம் என்று போர்வீரர் போலப் புறப்படுகிறவர்கள் ஒன்பது மணிக்கெல்லாம் இட்லி சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பிவிடுவார்கள். பெங்களூரில் பெரிய பைக் வைத்திருப்பதன் முழுப் பயன் பெரும்பாலும் இந்த நான்கு மணி நேரம்தான்.

மறுநாள் திங்கட்கிழமை. அதே வண்டி சில்க் போர்டு சந்திப்பில் நிற்கிறது. டாம்டாம் நிறுவனத்தின் போக்குவரத்துக் கணக்கின்படி, 2024இல் பெங்களூர் நகருக்குள் 10 கி.மீ. கடக்கச் சராசரியாக 34 நிமிடம் 10 விநாடி ஆனது. அதாவது மணிக்கு 18 கி.மீ.கூட இல்லை. கொஞ்சம் அழுத்தி மிதிக்கும் சைக்கிள்காரர் இந்த வேகத்தில் போய்விடுவார். 200 குதிரைத் திறன் கொண்ட எஞ்சின் இந்த நெரிசலில் செய்யக்கூடியது ஒன்றுதான்: ஓட்டுகிறவரின் தொடையைச் சுடுவது.

சரி, ஊருக்கு வெளியே போய் முறுக்கலாம் என்றால் அந்தக் கதவுகளும் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகின்றன. நைஸ் சாலையில் இரவு பத்து மணி முதல் காலை ஐந்து மணி வரை இருசக்கர வாகனங்களுக்கு 2022 ஜனவரியில் தடை வந்தது. பெங்களூர்-மைசூர் விரைவுச் சாலையின் பிரதான தடத்தில் 2023 ஆகஸ்ட் 1 முதல் எந்நேரமும் தடை. விபத்துகளே காரணம் என்பதால் பெரிதாக யாரும் வாதாட முடியவில்லை. விளைவு: வண்டியின் வேகம் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. அதைப் பயன்படுத்த இடம்தான் குறைகிறது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்களில் சிலர் எடுக்கும் முடிவு விசித்திரமானது. வேகமான வண்டிகளையெல்லாம் ஓட்டித் தீர்த்த பிறகு, நாற்பது வயதுக்கு மேல், ஒற்றை சிலிண்டர் கொண்ட எளிய வண்டிக்கு வந்து சேர்கிறார்கள். அவர்கள் தேடும் வண்டிகளில் முதலிடம் யமஹா ஆர்.எக்ஸ். 100க்கு.

எண்பதுகளில் இந்தியச் சாலைகளை மாற்றிய நான்கு ஜப்பானியக் கூட்டு வண்டிகளில் அது ஒன்று. 1984இல் பெங்களூருக்குப் பக்கத்தில் ஒசூரிலிருந்து இண்ட்-சுசுகி வந்தது. 1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100, அதே ஆண்டின் இறுதியில் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் வழியாக ஆர்.எக்ஸ். 100, அதைத் தொடர்ந்து கவாசாகி பஜாஜ். சந்தையை வென்றது பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாகக் குடித்த ஹீரோ ஹோண்டாதான். மனத்தை வென்றது ஆர்.எக்ஸ். அதன் எஞ்சின் 98 சி.சி., திறன் 11 குதிரை, எடை நூறு கிலோவை ஒட்டி. காகிதத்தில் இவை சாதாரண எண்கள். ஆனால் ஆக்ஸிலேட்டரைத் திருகிய மறுகணமே முன்சக்கரம் லேசாகும் அந்தத் துள்ளலைப் பார்த்தவர்கள் இந்த எண்களை நம்புவதில்லை. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதில் 1996இல் தயாரிப்பு நின்றது. அன்று இருபதாயிரம் ரூபாய்க்குள் அடங்கிய வண்டி, இன்று நன்றாகப் புதுப்பிக்கப்பட்டிருந்தால் ஒரு லட்சத்தைத் தாண்டிக் கைமாறுகிறது.

பெங்களூருக்கு ஒற்றை சிலிண்டர் மோகம் புதிதல்ல. ஒரு பக்கம் மைசூர். அங்கே ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961 முதல் 1996 வரை ஜாவாவையும் பிறகு யெஸ்டியையும் தயாரித்தது. ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர், கிக்கரையே மடக்கி கியராக்கும் தந்திரம் என்று அது தனி ரகம். ஆலை மூடிய பின்னும் ஆண்டுதோறும் ஜூலை மாதத்தின் இரண்டாவது ஞாயிறன்று ஜாவா தினம் என்று நகரத்தில் அந்த வண்டிகள் புகை விட்டபடி கூடுகின்றன. மறுபக்கம் தமிழ்நாடு. சென்னை திருவொற்றியூரில் 1955இல் தொடங்கிய என்ஃபீல்டின் புல்லட், 346 சி.சி. எஞ்சினில் வெறும் 18 குதிரைத் திறனோடு அரை நூற்றாண்டு ஓடியது. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் பெங்களூர், இரண்டையும் பழுது பார்த்தே ஒரு மெக்கானிக் பரம்பரையை வளர்த்துக்கொண்டது.

அந்தப் பரம்பரையைப் பார்க்க ஜே.சி. ரோட்டுக்குப் போக வேண்டும். டவுன் ஹால் பக்கத்திலிருந்து நீளும் இந்தச் சாலையில் வரிசையாக ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள். அங்கே கிடைக்காதது சிவாஜிநகர் குஜிரிச் சந்தையில், எண்ணெய்ப் பிசுக்கோடு குவிந்திருக்கும் பழைய சாமான்களுக்குள் கிடைக்கலாம். தமிழ், தக்கினி, கன்னடம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் புரளும் இடம் அது. ஜப்பானில் செய்யப்பட்ட பழைய கார்புரேட்டருக்கு அங்கே தங்கத்தின் மரியாதை. அதைப் போலவே தோற்றமளிக்கும் போலிக்கும் குறைவில்லை என்பதால், வாங்க வருகிறவர் தன்னோடு ஒரு மெக்கானிக்கையும் அழைத்து வருவது வழக்கம். பெண் பார்க்கப் போகும்போது ஒரு பெரியவரை உடன் அழைத்துப் போவதைப் போல.

வண்டியை வாங்கியாயிற்று. அடுத்து அதை மாற்ற வேண்டும் என்ற ஆசை. பெரிய பைக்கில் மாற்றுவதற்கு அதிகமில்லை. எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. ஆர்.எக்ஸ்.ஸிலோ ஒவ்வொன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. முன் ஸ்ப்ராக்கெட்டில் 14 பல்லுக்குப் பதில் 15 பல் போட்டால், அதே வேகத்தில் எஞ்சினின் சுழற்சி ஏறக்குறைய 7 சதவீதம் குறையும். நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறாமல் ஓடும். பதிலுக்குக் கிளம்பும்போது உள்ள துள்ளலில் அதே அளவு போய்விடும். இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை என்பதே சின்ன எஞ்சின் கற்றுத்தரும் முதல் பாடம்.

இரண்டாவது பாடம் சைலன்சரில். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு சைலன்சர் வெறும் புகைபோக்கி அல்ல. நடுவில் பருத்து முடிவில் குறுகும் அந்தக் குழாய், வெளியேறும் புகையின் அழுத்த அலையைத் திருப்பி அனுப்புகிறது. புகையோடு தப்பிப் போகப் பார்க்கும் புதிய பெட்ரோல் கலவையை அந்த அலைதான் சிலிண்டருக்குள் திரும்பத் தள்ளுகிறது. குழாயின் நீளத்தையும் பருமனையும் மாற்றினால் இந்த அலை வந்து சேரும் நேரம் மாறும். பந்தயக் குழாய் பூட்டிய வண்டி உச்சச் சுழற்சியில் சீறும், கீழே சோம்பும். டிராஃபிக்கில் நகர முடியாத சீற்றம் எதற்கு என்ற கேள்வி, பணம் செலவான பிறகே பலருக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது பாடம் நகரத்தின் உயரம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மெலிந்தது. எஞ்சின் மூச்சிழுக்கும்போது அந்த அளவு ஆக்ஸிஜன் குறைகிறது. 11 குதிரைகளில் ஒன்று கிருஷ்ணகிரி மேட்டிலேயே நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கேற்ப கார்புரேட்டரின் ஜெட்டைச் சிறிதாக்கி, பெட்ரோலைக் குறைத்து வண்டியைச் சீராக்குகிறார்கள். அதே வண்டியைச் சென்னைக்கு ஓட்டிப் போனால் சிக்கல் தொடங்குகிறது. கீழே அடர்ந்த காற்று, பெட்ரோலோ குறைவு. கலவை மெலிந்து பிஸ்டன் சூடாகி, ராணிப்பேட்டைக்குப் பக்கத்தில் எஞ்சின் இறுகி நிற்க வாய்ப்புண்டு. ஊர் மாறினால் ஜெட் மாற வேண்டும் என்று எந்த பெட்ரோல் பங்க்கிலும் எழுதிவைத்திருக்கவில்லை. பழைய மெக்கானிக்குகளுக்குத் தெரியும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்ப்பார்கள். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கறுத்திருந்தால் அதிகம், காப்பிப் பொடி நிறமென்றால் சரி.

எஞ்சின் இறுகினால் சிலிண்டரை லேத் பட்டறையில் கடைந்து, சற்றுப் பெரிய பிஸ்டன் போடுவார்கள். கால் மில்லிமீட்டர், அரை, முக்கால், ஒன்று என்று நான்கு படிகள். 50 மி.மீ. அகலச் சிலிண்டர் 51 ஆகும்போது 98 சி.சி. எஞ்சின் 102 சி.சி.யாகிறது. இதைத் திறன் கூடியதாக எண்ணி மகிழ்கிறவர்களும் உண்டு. ஆனால் அதன் பிறகு கடைய இரும்பு இருக்காது, புது ஸ்லீவ்தான் இறக்க வேண்டும். தயாரிப்பு நின்று முப்பது ஆண்டுகளாகிவிட்டன. ஒவ்வொரு வண்டிக்கும் இன்னும் எத்தனை உயிர் மிச்சமிருக்கிறது என்பது லேத்காரருக்குத்தான் தெரியும்.

சட்டம் இன்னொரு பக்கம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாக உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்றது. காதைக் கிழிக்கும் சைலன்சரைப் பிடுங்கி ரோடு ரோலர் ஏற்றி நசுக்கும் போலீசாருக்குப் பொதுமக்களின் ஆதரவு நிச்சயம் உண்டு. ஆனால் ஆர்.எக்ஸ். 100இன் பலவீனம் அதன் பிரேக். முன்னால் சிறிய டிரம்தான். 2019 முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம் என்று அரசே சொல்லும் காலத்தில், ஒருவர் பழைய வண்டிக்கு டிஸ்க் பிரேக் பொருத்த விரும்பினால் அவருக்கும் அதே பிரிவு குறுக்கே நிற்கிறது. சட்டம் நோக்கத்தைப் பார்ப்பதில்லை, தயாரிப்பாளர் குறித்ததை மட்டுமே பார்க்கிறது. சத்தத்துக்காகச் செய்த மாற்றத்தையும் உயிருக்காகச் செய்த மாற்றத்தையும் பிரித்துப் பார்க்கும் ஒரு வழி, பழைய வண்டிக்காரர்களுக்குத் தேவைப்படுகிறது.

அதைவிட அமைதியான ஆபத்து பெட்ரோல் பங்க்கில் காத்திருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2025இல் நாடெங்கும் வழக்கமாகிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். இரும்பு டேங்க் துருப்பிடிக்கும், பழைய ரப்பர் குழாய்கள் ஊறிக் கெடும். எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால் கலவை மேலும் மெலியும். எண்பதுகளில் வடிவமைத்த கார்புரேட்டருக்கு இதெல்லாம் தெரியாது. இப்போது உண்மையிலேயே பயனுள்ள திருத்தம் பந்தயக் குழாய் அல்ல: எத்தனாலைத் தாங்கும் ரப்பர், ஒரு படி பெரிய ஜெட், டேங்குக்குள் துருக்காப்புப் பூச்சு. நண்பர்களிடம் காட்டிப் பெருமைப்பட இவற்றில் எதுவும் இல்லை. வண்டியைக் காப்பாற்றப்போவது என்னவோ இவைதான்.

இவ்வளவு பாடும் எதற்கு? பதில் ஒசூரைத் தாண்டினால் கிடைக்கிறது. நெடுஞ்சாலையை விட்டு விலகி தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல்லுக்கு இறங்கும் மலைப்பாதை குறுகலானது, வளைவுகள் நிறைந்தது. இங்கே ஆயிரம் சி.சி. வண்டிக்காரர் கைக்கடிவாளத்தை இழுத்துப் பிடித்தபடியே போக வேண்டும். முழுதாக முறுக்க அவருக்கு ஒரு விநாடிகூடக் கிடைக்காது. ஆர்.எக்ஸ். வண்டிக்காரரோ நான்கு கியரையும் மாற்றி மாற்றி, இருக்கும் பத்துக் குதிரைகளையும் ஓட விட்டு, அறுபதைத் தொடும்போதே பறப்பதாக உணர்கிறார். மேடு வந்தால் முன்கூட்டியே யோசித்து வேகம் சேர்க்க வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் கியரை நம்ப வேண்டும். பெரிய வண்டியில் எஞ்சின் மன்னித்துவிடும் பிழைகளை இங்கே ஓட்டுகிறவர் தாமே திருத்திக்கொள்கிறார். இது காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயப் பகுதி, யானைகள் கடக்கும் பாதை. தொழிற்சாலையிலிருந்து வந்த சைலன்சரை ஏன் கழற்றக் கூடாது என்பதற்கு இங்கே அபராத ரசீது தேவையில்லை.

பதிவுச் சான்று பதினைந்து ஆண்டுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். இருசக்கர வாகனத்துக்கு 300 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 1,000 ஆனது. பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வரிசையில் நிற்கும் பழைய வண்டிக்காரர்களுக்குக் கட்டணம் பெரிய கவலையல்ல. பிளக்கின் நிறத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் மெக்கானிக்கின் மகன், அநேகமாக எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஷோரூமில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு ஜெட் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. சிலிண்டருக்கு இன்னும் ஒரு ஸ்லீவ் இறக்கிக்கொள்ளலாம். அதை இறக்கத் தெரிந்த கைக்கு என்ன செய்வது?