பெயரனும் பூட்டனும்

ஐரிஷ் குடும்பப் பெயர்கள் பலவற்றின் முன்னே நிற்கும் ‘ஓ’ என்ற ஓரெழுத்து அம்மொழியில் ‘பேரன்’ என்று பொருள்படுவதால், அப்பெயரைச் சொல்பவர் ஏதோவொரு பாட்டனுக்குத் தாம் பேரன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்னும் ‘பெயரன்’ தமிழில் ‘பேரன்’ என மருவியதை நினைத்தால், ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் ஒரே உறவைப் பெயரோடு முடிச்சிட்டு வைத்திருப்பது விளங்கும். ஆங்கிலேயர் ஆட்சியில் அந்த ‘ஓ’ பல குடும்பங்களில் உதிர்ந்துபோயிற்று. ஆகவே களனி கங்கை கடலில் கலக்கும் மட்டக்குளியிலோ அதை அடுத்த முகத்துவாரத்திலோ இருந்துகொண்டு ஐரிஷ் மூதாதை ஒருவரைத் தேடப் புறப்படும் குடும்பம், முதலில் தன் பெயரின் தலையெழுத்தைத் தேடவேண்டியிருக்கிறது.

கொழும்பில் இத்தேடலுக்கு எளிதில் வழி திறப்பதில்லை. ஐரோப்பியத் தந்தைவழியில் வந்தோரான பறங்கியருள் ஒரு பிரிவினர் 1908இல் அமைத்த ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தன் சஞ்சிகையில் குடும்ப வம்சாவளிகளை அரிய பொறுமையோடு அச்சிட்டது; ஆயினும் ஒல்லாந்தக் கம்பனிக் காலத்து ஐரோப்பியரின் ஆண்வழியே அதன் கணக்காகையால், பின்னர் பிரித்தானியப் படையோடு வந்து இங்கேயே மணமுடித்துத் தங்கிய ஐரிஷ் சிப்பாயின் சந்ததிக்கு அதில் இடமில்லை. அயர்லாந்தின் பக்கம் திரும்பினால் அங்கே சாம்பல்: 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் பொது ஆவணக் காப்பகம் எரிந்தபோது 1821 முதல் 1851 வரையான நான்கு குடிசன மதிப்பீடுகளும் பெரும்பாலும் அழிந்தன. அடுத்து வந்த நான்கு மதிப்பீடுகளின் ஏடுகளை அரசே முன்னர் அழித்துவிட்டிருந்தமையால் பழி முழுவதையும் நெருப்பின்மேல் போடுவது நியாயமாகாது. விசித்திரம் என்னவெனில், ஊரிலேயே இருந்து உழுதவனின் தடம் மறைய, பிரித்தானியப் படையில் சேர்ந்தவனின் தடம் லண்டனில் எஞ்சியது. ஓய்வூதியத்தோடு விலகிய சிப்பாயின் விடுவிப்புப் பத்திரத்தில் அவன் பிறந்த பங்கு, அதாவது கோயிலைச் சார்ந்த ஊர்ப்பிரிவு, குறிக்கப்பட்டிருக்கும். 1830இல் அப்படையின் சாதாரணச் சிப்பாய்களுள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் ஐரிஷ்காரர்.

பெயரில்லாச் சிப்பாயை விட்டு, பெயர் பெற்ற ஐரிஷ்காரர் ஒருவரைக் காணவேண்டுமாயின் கொழும்பு நூதனசாலைக்குப் போகலாம். 1877 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட அக்கட்டடத்தின் முன்னே சிலையாக நிற்பவர், 1872 முதல் 1877 வரை தேசாதிபதியாக இருந்த வில்லியம் கிரெகரி. நுவரெலியா ஏரிக்கும் அவர் பெயரே. குளங்களைத் திருத்தியவர், வடமத்திய மாகாணத்தை உருவாக்கியவர் என இலங்கை அவரை நினைக்கிறது. அயர்லாந்தோ அவரைக் ‘கிரெகரி விதி’யால் நினைக்கிறது. உருளைக்கிழங்கு நோயால் வந்த பெரும் பஞ்சத்தின் நடுவே, 1847இல், கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்போர்க்கு அரச நிவாரணம் இல்லை என்ற விதியை நாடாளுமன்றத்தில் முன்மொழிந்தவர் அவரே. கால் ஏக்கர் என்பது கொழும்பார் கணக்கில் நாற்பது பேர்ச். இன்று மட்டக்குளியில் நாற்பது பேர்ச் காணி உடையவரை ஏழை என்று எவரும் சொல்லார், அன்றைய அயர்லாந்திலோ அதற்குச் சற்று மேற்பட்ட நிலம் வைத்திருந்தவரும் பட்டினி கிடந்தார். கஞ்சிக்காக நிலத்தைக் கைவிட்ட குடும்பங்கள் பல, நிலம் போனபின் ஊரில் நிற்க ஏதுமின்றிக் கப்பலேறின. மூதாதை ஏன் புறப்பட்டார் என்று தேடுவோர்க்குரிய விடைகளுள் ஒன்று, ஆக, நூதனசாலை முற்றத்திலேயே வெண்கலமாக நிற்கிறது. அவர் பதவி நீங்கிய 1877இல் தமிழ்நாட்டில் தாது வருடப் பஞ்சம் நிலவியது; அதற்கு அஞ்சிய கூட்டம் கூட்டமான மக்கள் இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்குக் கடல் கடந்து வந்துகொண்டிருந்தனர்.

இன்று அயர்லாந்தில் பிறந்த பாட்டனையோ பாட்டியையோ ஒருவர் பத்திரத்தால் நிறுவினால், அந்நாட்டுக் குடியுரிமைக்குப் பதிவு செய்துகொள்ளலாம். பேரன் என்பதே போதும், ‘ஓ’ விட்டுப்போயிருந்தாலும் குற்றமில்லை. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டமோ, இங்கேயே பிறந்தவரிடமும் தந்தை இலங்கையில் பிறந்தார் என்றோ, இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இருவருமே இங்கு பிறந்தனர் என்றோ காட்டும்படி கேட்டது. தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாக்கி, தலைமுறைக்கொரு பெயராக மாறிவரும் தமிழ்க் குடும்பத்தில் பூட்டனின் பெயரே பெரும்பாலும் தெரியாது. தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீட்டில், பிறந்தவனின் பூட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கிருந்து கிடைக்கும்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு வந்து சேர்ந்தவர்கள் கழுத்தில் கட்டிவந்த தகரத் துண்டில் தோட்டத்தைக் காட்டும் எழுத்தும் எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன.