அவிழ்த்துக் காயவைக்கும் படகு

ஞாயிற்றுக்கிழமைகளில் பாய்ப்படகு ஓட்டும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. சென்னைத் துறைமுகத்துக்குள், 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பில் படகை நிறுத்தி வைத்திருக்கிறார். இரட்டை உடல் கொண்ட படகு, ‘காட்டமரான்’ என்பார். உங்கள் படகில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தது எது என்று ஒருநாள் கேட்டேன். “காத்து சரியா பிடிச்சா ஒரு பக்கம் தண்ணியை விட்டு எழும்பும். அந்த நிமிஷம்” என்றார். உடனே என்னைத் திருப்பிக் கேட்டார்: “நிஜக் கட்டுமரக்காரங்ககிட்ட இதைக் கேட்டிருக்கீங்களா?”

கேட்டதில்லை. அவருக்குக் கயிறு வேலை செய்து கொடுக்கும் பையனின் பெரியப்பா, கோவளத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் இன்னும் மரம் ஓட்டுகிறார் என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

நண்பரின் படகுக்கும் நம் கட்டுமரத்துக்கும் பெயரைத் தவிர வேறு உறவு கிடையாது. 1697-இல் அச்சான தன் பயண நூலிலேயே வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களைப் பற்றி எழுதிவிட்டார். 1876-இல் அமெரிக்காவில் ஹெரஷாஃப் என்பவர் இரண்டு உடல்களை இணைத்து ‘அமரில்லிஸ்’ என்ற படகைக் கட்டி, நியூயார்க் பந்தயத்தில் மற்ற படகுகளைப் பின்னால் விட்டார். அந்த மாதிரிப் படகுகளுக்கு நம் சொல் எப்படியோ போய் ஒட்டிக்கொண்டது.

நான் கரைக்குப் போனபோது மணி ஏழு. பெரியவர் கடலிலிருந்து திரும்பிவிட்டிருந்தார். அரைக் கூடை கவலை. மீனின் பெயரே அதுதான், நான் வைத்ததல்ல. கூடையை அவர் மனைவி தூக்கிக்கொண்டு போய்விட்டார். பெரியவரும் மருமகனும் மணலில் குந்தி மரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். மீனவர்கள் வாயில் அது படகும் இல்லை, கட்டுமரமும் இல்லை, வெறும் ‘மரம்’.

கேள்வியைக் கேட்டேன். சிரித்தார். “மரத்துல புடிக்கிறதுக்கு இன்னா கீது தம்பி? முங்காது. மேல வர்ற தண்ணி சந்துல பூந்து கீழ போயிரும். கவுந்தா திருப்பிப் போட்டு ஏறிக்கலாம்.” இதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அடுத்த அரை மணி நேரம் மரம் செதுக்கும் கணக்கைச் சொன்னார். நடுமரம் ஏன் தாழ்ந்திருக்க வேண்டும், பக்கத்து மரங்கள் எவ்வளவு சாய வேண்டும் என்றெல்லாம். பாதி புரியவில்லை, மீதியில் என் கவனம் இல்லை. என் கண் கயிற்றில் இருந்தது.

மரங்களின் இரண்டு முனைகளிலும் குறுக்கே ஒரு கட்டை. கயிறு அதைச் சுற்றி, மரத்தடியில் நுழைந்து, பக்கத்து மரத்தைத் தழுவிக்கொண்டு மேலே வருகிறது. ஆணி ஒன்றுகூடக் கிடையாது. பெரியவர் இடது குதிகாலை மரத்தில் ஊன்றிக் கயிற்றின் நுனியைச் சுண்டினார். இரண்டு சுற்று தானாகக் கழன்று விழுந்தது. கயிறு ஓடும் இடத்தில் மட்டும் மரம் விரல் ஆழத்துக்குத் தேய்ந்து, பளபளவென்று, எண்ணெய் போட்ட மாதிரி இருந்தது. உள்ளங்கையைக் காட்டினார். அங்கேயும் அதே பள்ளம், அதே பளபளப்பு.

“முன்னெல்லாம் தேங்கா நாரு. மரத்தக் கடிச்சுப் புடிக்கும். நைலான் அறாது, ஆனா வழுக்கும். ஒரு சுத்து கூடப் போடணும்.”

எதற்காக அவிழ்க்க வேண்டும்? லேசான மரம், தண்ணீர் குடிக்கும். குடித்த மரம் கனக்கும், அலையில் சொன்ன பேச்சு கேட்காது. அதனால் அவிழ்த்து மணலில் காயவைக்கிறார்கள். துறைமுகம், கிரேன் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு மரமாக இரண்டு பேர் தோளில் தூக்கிவிடலாம். மரங்களுக்கு ஆயுசு சில வருஷம்தான். ஒன்று உளுத்தால் அதை மட்டும் மாற்றுகிறார்கள். “இது எத்தனை வருஷத்து மரம்?” என்றேன். “எனக்குக் கல்யாணம் ஆனப்ப கட்டுனது” என்றார். கல்யாணம் ஆகி நாற்பது வருஷம். அன்றைய கட்டைகளில் ஒன்றுகூட இப்போது இதில் இல்லை. சுனாமியில் இரண்டு மரம் போய்விட, பக்கத்து வீட்டுக்காரருக்கு மிஞ்சிய ஒன்றையும் சேர்த்துக் கட்டினாராம். அப்படியும் அவருக்கு அது அதே மரம்தான்.

சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில், வெளியே நங்கூரம் போட்ட கப்பல்களுக்கு மரக்காரர்கள் கடிதம் கொண்டுபோவார்கள். கடிதம் நனையாமல் இருக்க ஓலைத் தொப்பிக்குள் செருகிக்கொள்வார்களாம். நான் இதைச் சொன்னதும் பெரியவர் மருமகனைப் பார்த்து, “கேட்டியா, போஸ்ட்மேனு” என்றார்.

2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. அதற்கு முன்பே நல்ல மரம் கிடைப்பது குறைந்துகொண்டு வந்தது. இன்று கரையில் வரிசையாக நிற்பவை ஃபைபர்தான். தெர்மாகோல் அடைத்து ஃபைபர் பூசிய ‘மரங்களும்’ உண்டு. அவற்றை அவிழ்க்க முடியாது. ஃபைபருக்கு இன்ஜின் வேண்டும், இன்ஜினுக்கு எண்ணெய் வேண்டும், இரண்டுக்கும் கடன் வேண்டும். கடன் கொடுத்த வியாபாரிக்கே மீனைப் போட வேண்டும், அவர் சொல்வதே விலை, அதிலும் கமிஷன் பிடிப்பார். அசல் மட்டும் அப்படியே நிற்கும். விடியற்காலையில் உயிரைப் பணயம் வைப்பவன் ஒருவன், கரையில் குடை பிடித்து நின்று எண்ணுபவன் இன்னொருவன். நான் சூடாகிப் பேசிக்கொண்டே போனேன்.

“வுடு தம்பி” என்றார் பெரியவர். “எம் பொண்ணு கல்யாணத்துக்கு ராத்திரி பத்து மணிக்கு வந்து பணத்த வெச்சிட்டுப் போனவன் அவன்தான். நீ எங்க இருந்த?”

என்னிடம் பதில் இல்லை. கயிற்றைச் சுருட்டத் தொடங்கினேன்.

சற்று நேரம் கழித்து அவரே ஆரம்பித்தார். “புடிச்சது இன்னான்னு கேட்டியே. அவுக்கிறது புடிக்கும். வூட்டுக்கு வந்துட்டோம்னு அப்பத்தான் தெரியும்.”

காயவைத்திருந்த இன்னொரு ஜோடி மரங்களை அடுத்த நாளுக்காகச் சேர்த்துக் கட்ட ஆரம்பித்தார்கள். ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். அவர் செய்ததைப் பார்த்தபடியே குறுக்குக் கட்டையைச் சுற்றி, அடியில் நுழைத்து, குதிகாலை ஊன்றி, பல்லைக் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டேன். பெரியவர் எதுவும் சொல்லவில்லை. கால் கட்டைவிரலால் முடிச்சை ஒரு நெம்பு நெம்பினார். மொத்தமும் பொலபொலவென்று அவிழ்ந்தது. கயிற்றை என் கையிலிருந்து வாங்கி முதலிலிருந்து கட்டத் தொடங்கினார்.