டென்வரில் இருக்கும் மருமகனுக்கு

நாமக்கல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வண்டி வாங்கிய சமாச்சாரத்தை எனக்கு எழுதிவிட்டு உன் அம்மாவிடம் மூச்சு விடாமல் இருக்கிறாய். அக்கா நேராகக் கேட்டால் நான் மறைக்க மாட்டேன், பார்த்துக்கொள்.

நீ அனுப்பிய படங்களைப் பட்டறைப் பையன்களிடம் காட்டினேன். 96 மாடல் டாட்ஜ் ராம் என்றபோது ஒருத்தனுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பானெட்டைத் திறந்து எடுத்த படம் வந்ததும், "அட, நம்ம கம்மின்ஸுங்க" என்றான் ஒருவன். அதேதான். 102 மில்லி போர், 120 மில்லி ஸ்ட்ரோக், ஆறு சிலிண்டர், 5.9 லிட்டர். ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் வந்த பிறகு நம் லாரிகளில் ஏறிய இன்ஜினும் இதே ஜாதிதான். அதனால் தைரியமாகவே யோசனை சொல்கிறேன்.

டாடா 2515 என்றால் 25 டன், 150 குதிரை. அந்த 150-ஐ நம்பித்தான் முழு லோடோடு சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறினோம். ஊர்ந்துதான் ஏறும், ஆனால் ஏறிவிடும். உன்னுடையது மேனுவல் கியர். கம்பெனியே 215 கொடுத்திருக்கிறது. வண்டியோ மூன்று டன் சுமார். இதற்கு 500 குதிரை வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது? தினம் ஆபீஸ் போய் வர, எப்போதாவது டிரெய்லர் இழுக்க என்றால் 280 தாராளம், மிஞ்சினால் 300. அதற்கு மேல் ஆசைப்பட்டால் வேறு மெக்கானிக்கைப் பார்.

பவர் ஏற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அந்த பாஷ் இன்லைன் பம்புக்குள் இருக்கும் பிளேட்டைக் கொஞ்சம் நகர்த்தினாலே வண்டி துள்ளும். அரை நாள் வேலை. அந்தத் துள்ளலை வருஷக்கணக்கில் தாங்க வைக்கத்தான் இன்ஜினைப் பிரிக்கிறோம்.

பிரித்தவுடனே ரீபோர் என்று எவனாவது ஆரம்பித்தால் தலையாட்டாதே. இதில் லைனர் கிடையாது. போர் பிளாக்கிலேயே குடைந்தது. முதல் ரீபோர் அரை மில்லி, அடுத்தது ஒரு மில்லி, அதற்கப்புறம் ஸ்லீவ் அடிக்க வேண்டியதுதான். கையில் இருக்கிற இரும்பை எதற்கு வீணாகச் சீவ வேண்டும்? ஹெட்டை இறக்கியதும் சிலிண்டர் சுவரில் நகத்தை வைத்துக் கீழிருந்து மேலே இழு. மேல் ரிங் போய்த் திரும்புகிற இடத்தில் நகம் தட்டினால் தேய்மானம் இருக்கிறது. தட்டாமல் வழுக்கிக்கொண்டு போய், பழைய ஹோனிங் கோடுகளும் குறுக்கும் மறுக்குமாக இன்னும் தெரிந்தால் நீ அதிர்ஷ்டக்காரன். புது ரிங், லேசாக ஹோனிங், அவ்வளவுதான். ஆனால் நகத்தை மட்டும் நம்பிவிடாதே. டயல் போர் கேஜை விட்டு மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில், ஒவ்வொன்றையும் நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் அளந்து பேப்பரில் எழுது. கிராங்கையும் அப்படியே. ஹெட்டைப் பிரஷர் டெஸ்ட் செய்யாமல் திரும்ப ஏற்றாதே. வால்வு சீட்டுகளுக்கு நடுவில் விடுகிற விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

முன்பக்கம் டைமிங் கியர் கேசில் ஒரு சின்ன டவல் பின் இருக்கும். அது அதிர்ந்து அதிர்ந்து வெளியே வந்து கியருக்குள் விழுந்தால் கேசே உடையும். உங்கள் ஊரில் அதற்குக் கொலைகாரப் பின் என்றே பேர் வைத்திருக்கிறார்களாமே, சரியான பேர்தான். அதன் மேல் ஒரு இரும்புத் துண்டை வைத்து போல்ட் போட்டுவிட்டால் தீர்ந்தது. பத்து ரூபாய் இரும்பு.

அடுத்தது சூடு. உனக்கும் எனக்கும் ஊர் வித்தியாசம் இங்கேதான். டென்வரே 1600 மீட்டர் உயரம்; நீ எழுதியிருந்த ஐசன்ஹவர் சுரங்கம் கிட்டத்தட்ட 3400 மீட்டர். அங்கே காற்றில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். டர்போ கொஞ்சம் ஈடு கட்டும், முழுசாகக் கட்டாது. காற்று இல்லாத இடத்தில் டீசலை மட்டும் ஊற்றினால் கறுப்புப் புகைதான் வரும், கூடவே சூடும் ஏறும். பிஸ்டன் அலுமினியம், 660 டிகிரியில் உருகுகிற சாமான். உருகாமல் நிற்பதற்கு அடியிலிருந்து ஆயில் பீய்ச்சுகிற ஜெட்டுகளும் ஒரு காரணம். ஆறையும் ஊதிப் பார், ஒன்றுகூட அடைத்திருக்கக் கூடாது. பம்பில் கை வைப்பதற்கு முன் டர்போவுக்கு முன்னால் ஒரு பைரோமீட்டர் மாட்டு. டிரெய்லரோடு ஏற்றம் ஏறும்போது 700 டிகிரியைத் தொட்டால் கியரை இறக்கு, காலை எடு. இந்த ஒரு மீட்டர் இல்லாமல் பவர் ஏற்றுவதற்கு நான் சம்மதிக்கவே மாட்டேன்.

டர்போவை மாற்றாதே. பெரிய டர்போ சிக்னலில் தூங்கும், நீ மிதிக்க மிதிக்க பின்னால் வருகிறவன் முகத்தில் கரியைப் பூசும். ஆர்பிஎம்மும் ஏற்ற வேண்டாம், இதன் பலமே 1600-இல்தான். கிளட்ச் முதலில் வழுக்கும், நல்லதாகப் போடு. கியர்பாக்ஸை இறக்கும்போது ஐந்தாம் கியர் நட்டைப் பார்த்துவிடு, அந்த மாடலில் அது கழன்றுகொள்ளும். டேப்பட் இன்ஜின் ஆறியிருக்கும்போது இன்லெட் 0.25, எக்ஸாஸ்ட் 0.51 மில்லி.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டீசலை நிறுத்திவிட்டு, ஆயில் பிரஷர் காட்டும்வரை வெறுமனே சுற்று. டர்போவுக்குள்ளும் கொஞ்சம் ஆயில் ஊற்று. ஓடத் தொடங்கியதும் ஆசையாகப் பார்த்துக்கொண்டே ஐடிலில் விட்டு வைக்காதே. போர் கண்ணாடி மாதிரி வழவழத்துப் போய் ரிங் உட்காராது. ரோட்டுக்குக் கொண்டுபோய் லோடு கொடு. பழைய பம்ப் செட்டிங்கிலேயே ஓட்டி, முதல் ஆயில் மாற்றியபிறகு பிளேட்டைத் தொடு.

பிஸ்டன், ரிங் எதையும் இப்போதே ஆர்டர் போடாதே. ஆறு சிலிண்டர் அளவும் கிராங்க் அளவும் எழுதி அனுப்பு, நான் பார்த்துச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் வீட்டில்தான் இருப்பேன். அதற்குள் அக்காவிடம் நீயே சொல்லிவிடு.

அன்புடன்,
மாமா