வர்திசுபானிக் குயவர்

காகசஸ் மலைகளின் பனிமுடிகளை எதிரே வைத்துக்கொண்டு, அலசானி நதிப் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களை மேட்டிலிருந்து பார்த்தபடி அமைந்திருக்கும் தெலாவி, ஜார்ஜியா தேசத்துக் காகேத்தி மாகாணத்தின் தலைப்பட்டணம். சொற்பச் செலவில் சாவகாசமாகத் தங்கி நல்ல திராட்சை மதுவை ருசி பார்க்க அதற்கு நிகரான ஊர் கிடையாது என்று சிபாரிசு செய்து, சிநேகிதர் ஒருவர் என்னை அனுப்பிவைத்தார். மதுவைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. அதைத் தாங்கும் மண்பாண்டத்தைப் பற்றி எழுதவே உத்தேசம்.

க்வெவ்ரி என்பது அதன் பெயர். சில சமயம் ஆளுயரத்துக்கும் மேலாக வளர்ந்து, அடி கூம்பி, கழுத்துவரை பூமிக்குள் புதைந்து கிடக்கும் அதில், பழச்சாற்றைத் தோல், விதை, காம்பு சகிதமாக ஊற்றி, புளித்து அடங்கியபின் மூடி, வசந்தகாலம் வரும்வரை விட்டுவைக்கிறார்கள். மண்ணின் குளிர்ச்சி மாறாமல் காக்க, விதைகள் கூம்பின் அடியில் தங்கிவிட, வெள்ளைத் திராட்சையின் சாறுகூடத் தேன்நிறம் பெற்று வெளிவருகிறது. சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஜார்ஜியப் பானை ஓடுகளிலேயே திராட்சை மதுவின் சுவடு அகப்பட்டிருக்கிறது. க்வெவ்ரியில் மது வடிக்கும் இம்முறையை யுனெஸ்கோ ஸ்தாபனம் 2013-இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்துக் கௌரவித்தது.

தெலாவியை அடுத்த வர்திசுபானிக் கிராமத்தில் நான் கண்ட குயவர், தகப்பனாரிடம் தொழில் கற்ற முதியவர். சக்கரம் கிடையாது. பட்டறையில் அரைகுறையாக நிற்கும் பாண்டங்களை வலம் வந்து, ஒவ்வொன்றின் விளிம்பிலும் மண் திரியை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி, அந்த வரிசை காய்ந்து மேல்வரிசையைத் தாங்கும் பலம் பெறும்வரை காத்திருந்து, மறுபடி தொடங்குகிறார். நம் குதிரின் உறைகளைப் போலத்தான். ஆனால் உறைகள் தனித்தனி, இங்கோ பொருத்து இருந்த இடமே தெரியக் கூடாது. மண்ணைப் பக்குவப்படுத்தும் விதத்தை அவர் மகா விஸ்தாரமாகச் சொன்னார். மொழிபெயர்த்த இளைஞரும் நானும் பாதியிலேயே களைத்துவிட்டதால் வாசகருக்கு அச்சிரமம் வேண்டாம்.

வாரக்கணக்கில் வளர்ந்த பாண்டங்களைச் சூளையில் அடுக்கி, வாசலைச் செங்கல்லால் அடைத்து, ஏறக்குறைய ஒரு வாரம் இரவும் பகலும் விறகிட்டு எரிக்கிறார்கள். சூடு முற்றும் ஆறுமுன் உட்புறத்தில் தேன்மெழுகு பூசுகிறார்கள். சூளையிலேயே வெடித்துப்போனால் நஷ்டம் குயவருடையது. புதைத்தபின் கசிந்தால் அபகீர்த்தியும் அவருடையதே.

சோவியத் ஆட்சியில் ஆலைகள் மதுவைப் பெருவாரியாக உற்பத்தி செய்த காலத்தில், வீட்டு உபயோகத்துக்கு வாங்கியவர்களைத் தவிர இப்பாண்டத்தைச் சீந்துவார் அதிகம் இல்லை. இன்றோ தூரதேசத்து நாகரிக விடுதிகளில் க்வெவ்ரி என்ற பெயருக்கே தனி மவுசு. புட்டிச் சீட்டில் தோட்டத்தின் பெயர் உண்டு, வருஷம் உண்டு, பாண்டத்தின் சித்திரம்கூட உண்டு. வனைந்தவன் பெயரை நான் பார்த்த புட்டி எதிலும் காணவில்லை. குயவன் ஒருமுறை பெற்ற கூலியோடு ஒதுங்கிக்கொள்ள, அவன் பாண்டம் தலைமுறை தலைமுறையாகப் பிறருக்குச் சம்பாதித்துக் கொடுக்கிறது. இடையில் கைமாற்றி விடுபவர்கள், மண்ணில் விரல் படாமலே ஒவ்வொரு புட்டிக்கும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கிறார்கள். இது என்ன நியாயம் என்று நான் ஆவேசத்தோடு கேட்டதை, இளைஞர் எவ்வளவு தூரம் மொழிபெயர்த்தாரோ, பெரியவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வியாபாரியும் பிழைக்க வேண்டியதுதானே, தம்முடைய கவலையெல்லாம் விறகு விலை என்றார் அவர். எனக்கு அந்தச் சமாதானம் திருப்தி தரவில்லை.