மெட்ரோவில் ஏறாத பெட்டி

அம்மாவும் நானும் இருப்பது மொன்றியல் டவுன்டவுனில். கீழே இறங்கினால் கீ-கொன்கோர்டியா மெட்ரோ. வேலை, கடை, கோயில் எல்லாவற்றுக்கும் மெட்ரோதான். என்னுடைய ஒரு பெட்டி மட்டும் அதில் ஏறியதே இல்லை.

அதற்குள் இருப்பது 9 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கி. 2019இல் வாங்கினேன். ரேஞ்சில் குறிபார்த்துச் சுடுவதற்கு மட்டும் பாவிக்கிறேன். (2022 ஒக்டோபர் 21க்குப் பிறகு கனடாவில் சாதாரண ஆட்கள் புதிதாகக் கைத்துப்பாக்கி வாங்க முடியாது.)

போன மாதம் சித்தியின் மகன் கேட்டான். அவனுக்கு வயது 19.

"ஏன் அண்ணா ஒவ்வொரு முறையும் காரை வாடகைக்கு எடுக்கிறீங்கள்? மெட்ரோவில போய் பஸ் மாறலாம்தானே?"

முதலில் நாடு முழுவதற்குமான விதிகளைச் சொன்னேன். குண்டு எதுவும் உள்ளே இருக்கக்கூடாது. விசைக்கு ஒரு பூட்டு. பிறகு, உள்ளே இருப்பது தெரியாத, சுலபமாக உடைக்க முடியாத பெட்டி, அதற்கும் பூட்டு. கொண்டுபோக ஏ.டி.டி. என்ற அனுமதி வேண்டும். வீட்டிலிருந்து ரேஞ்சுக்கு நியாயமான நேர்வழியில் போக வேண்டும். காரை விட்டு இறங்கினால் பெட்டி டிக்கியில் பூட்டியிருக்க வேண்டும். திரும்பும் வழியில் பிறந்தநாள் விழாவுக்குப் போவதெல்லாம் இல்லை.

மெட்ரோ விஷயம் கியூபெக் மாகாணத்தின் சட்டம். எங்கள் ஸ்டேஷனுக்கு அடுத்தது அட்வாட்டர். அங்கேதான் டோசன் கல்லூரி. 2006 செப்டம்பர் 13 அன்று ஒருவன் அங்கே புகுந்து சுட்டான். அனஸ்தேசியா டி சூசா என்ற 18 வயது மாணவி இறந்தார். பலர் காயப்பட்டார்கள். அவர் பெயரால் அழைக்கப்படும் சட்டம் 2007இல் நிறைவேறியது. பள்ளி, கல்லூரி, குழந்தைகள் காப்பகம், பஸ், மெட்ரோ எதற்குள்ளும் துப்பாக்கி கொண்டுபோக அது தடை போட்டது.

நான் அப்போது ஹைஸ்கூல். அடுத்த வருடம் டோசனில் சேர இருந்தேன். வேண்டாம் என்று அம்மா அழுதார்.

"அவன்ர துவக்குகள் பதிஞ்சதுதானாம். வந்ததும் காரிலயாம். அப்ப இந்தச் சட்டம் அவனை மறிச்சிருக்காதே?" என்றான் தம்பி.

உண்மைதான். மறித்திருக்காது. நானும் வாடகைக் காசு கட்டும்போதெல்லாம் இதையே சொல்லி முணுமுணுத்தவன்தான்.

ஆனால் பெட்டியை முதல்முறை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளை என்னால் மறக்க முடியவில்லை. "துவக்கோ?" என்று கேட்டுவிட்டு அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். 1986இல் ஆனையிறவில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டபோது, தன் பக்கம் திரும்பியிருந்த குழலை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்ததாகச் சொன்னார். அதுவரை எனக்கு அவர் சொல்லாத கதை. லைசென்ஸ் அட்டையைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

மெட்ரோவில் என் பக்கத்தில் இருக்கப்போகிறவரும் எந்த நாட்டிலிருந்து, எதைப் பார்த்துவிட்டு வந்தவரோ? எனக்குப் பொலிஸ் அனுமதி தந்திருக்கிறது. அந்த மனிதரிடம் யாரும் கேட்கவில்லை. அவருக்காகக் காரில் போவது எனக்குப் பெரிய நட்டமில்லை.

அம்மாவுக்கு இன்றும் அந்தப் பெட்டி பிடிக்காது. ஆனால் சனிக்கிழமை காலை நான் சப்பாத்துப் போடும்போது குசினிக்குள்ளிருந்து குரல் வரும்:

"ரெண்டு பூட்டும் போட்டியோ?"

"ஓம் அம்மா."

அதற்குப் பிறகும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தூக்குவேன்.