வார்டு சிஸ்டரின் சொல்லுக்கு என்ன எடை?

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் குமரி மாவட்டத்திலிருந்தும் நிறையப் பேர் போகிறோம். அங்கே நம் பாட்டிமாருக்கு நாடி பார்த்துப் பழகும் நர்சிங் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் இவர்களை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று யோசிப்பேன்.

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் பி.எஸ்சி. நர்சிங்கை எட்டு செமஸ்டராக மாற்றியது. செய்முறை மதிப்பீட்டில் ஓஸ்கி (OSCE) என்ற தேர்வு முறையும் உண்டு. 1970களில் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் வகுத்த முறை இது. எல்லாருக்கும் ஒரே வேலை, ஒரே நேரம், ஒரே சரிபார்ப்புப் பட்டியல். கை கழுவினாளா? நோயாளியின் பெயரைக் கேட்டு உறுதிசெய்தாளா? ஊசி போடும் முன் சொன்னாளா? ஒவ்வொன்றையும் குறிக்கிறார்கள். வேண்டியவர், வேண்டாதவர் பார்த்து மதிப்பெண் போட இடம் குறைவு. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய பாதுகாப்பு.

ஆனால் நோயாளியின் மூச்சு லேசாக மாறியதைக் கவனித்து, தயங்காமல் மூத்தவரைக் கூப்பிடும் பிள்ளையைச் சில நிமிடத் தேர்வு எப்படிக் கண்டுபிடிக்கும்? அது வார்டு சிஸ்டருக்குத்தான் தெரியும். உள்மதிப்பீட்டில் அவர் சொல்லுக்கு இன்னும் எடை வேண்டும். கூடவே, சொல்லிக்கொடுக்க அவருக்கு நேரமும் வேண்டும். நிரம்பி வழியும் வார்டில் அந்த நேரத்தை யாராவது ஒதுக்கித் தர வேண்டும்.